புளிக்குழம்புக்குக் கீழே ஓடிய எழுத்து

விஜயலட்சுமிக்குக் கோபம் வந்தால் பெங்காலியில்தான் வரும். மீன்காரரிடம் சண்டை, ஆட்டோக்காரரிடம் சண்டை, மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாளில் பம்ப் போடும் ஆளிடம் சண்டை, எல்லாமே பெங்காலியில்தான். கரக்பூர் ரயில்வே காலனியில் விளையாடுகிற வயதில் பொறுக்கிக்கொண்ட பெங்காலி அது. மரியாதைக்கு அதில் பஞ்சம், வேகத்துக்குக் குறைவில்லை. டாக்குரியாவில் அவள் குடியிருக்கும் தெருவில் அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு.

அவள் அப்பா ஏழுமலை திண்டிவனம் பக்கத்திலிருந்து கரக்பூர் ரயில்வே பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவர். கோபம் வந்தால் பட்டறை இந்தியில் திட்டுவார். அம்மா அதிர்ந்து பேசாதவள். அதனால் அந்த வீட்டில் தமிழுக்குச் சாப்பாடும் காய்ச்சலும் சாமியும்தான் வேலை. ஒருத்தரை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் மொழியை மாற்றித்தான் ஆக வேண்டும். கல்யாணமாகி டாக்குரியாவுக்கு வந்த பிறகாவது தமிழில் சண்டை போடலாம் என்றால், புருஷன் மணிவேலோடு சண்டையே போட முடியாது. இவள் குரல் ஏறுவதற்குள் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டு விடுவார்.

இருபது வருடத்துக்கும் மேலாக அவள் கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். பட்டுப்புடவை கவுண்டர் அவளுடையது. அங்கே அவளை உட்கார வைத்ததற்கு ஒரே காரணம் அவள் தமிழச்சி என்பதுதான். கடை முதலாளி பெரிய பொட்டு வைக்கச் சொன்னார். தலையில் வைத்துக்கொள்ளத் துணியில் செய்த மல்லிகைச் சரம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். கல்யாணப் பெண்கள் வந்து, "ஆன்ட்டி, உங்க ஊர்ல இதைத்தானே கட்டுவாங்க?" என்று கேட்பார்கள். காஞ்சிபுரத்தை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவள் கல்யாணப் புடவையே இதே கரியாஹாட்டில் எடுத்ததுதான். ஆனாலும், "ஆமாம், எங்க பாட்டி காலத்திலேர்ந்து இதுதான்" என்று முகம் மாறாமல் சொல்வாள். சம்பளமே அதற்குத்தானே! வேஷம் போடுகிறோமே என்று முதல் வருடம் கூசியது, பிறகு பழகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணி மல்லிகையை ஆணியில் மாட்டும்போது மட்டும், இதைக் கழற்றினால் மிச்சம் இருப்பது யார் என்று சில நாள் ஒரு கேள்வி வரும். அரிசி களைகிற வேலையில் அதை மறந்துவிடுவாள்.

அவளுக்கு வேஷமே இல்லாத இடம் ஒன்று உண்டு. தெருவின் துர்கா பூஜை. பூஜை நாட்களில் காலையில் பந்தலுக்குப் பின்னால் பெண்கள் குளித்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து நைவேத்தியத்துக்குப் பழம் நறுக்குவார்கள். அந்த வரிசையில் இடம் கிடைப்பது சாமானியம் இல்லை. வந்த புதிதில் இவளைத் தேங்காய் உடைக்கக்கூட விடவில்லை. ஓரமாக நின்று, தட்டு கழுவி, வெள்ளரிக்காய்த் தோல் சீவி, ஏழெட்டு வருடம் கழித்துத்தான் ஒரு அரிவாள்மணை கைக்கு வந்தது. அதன் பிறகு அவள் வேகத்துக்கு யாரும் இல்லை. பக்கத்து இடம் ஷிகாவுடையது. கீழ்வீட்டுக்காரி, இவள் வயதுதான். இருவருக்கும் வருடா வருடம் சண்டை. "இவ்ளோ மொத்தமா நறுக்குனா சாமிக்கு பல்லு விழுந்துடும்டி" என்பாள் ஷிகா. "உன்னை மாதிரி காகிதமா சீவுனா தட்டுல வக்கிறதுக்குள்ள கறுத்துடும்" என்பாள் இவள். நாலு நாளும் இதே ஏச்சு, இதே பேச்சு. அந்தச் சண்டைக்காகவே விஜயலட்சுமி கடையில் சப்தமியிலிருந்து லீவு வாங்குவாள்.

இந்த வருடம் தெருக் கிளப்புக்கு ஆசை பெரிதாகிவிட்டது. ஆளாளுக்குத் தீம் வைத்துப் பந்தல் போட்டுப் பரிசு வாங்குகிறார்கள், நாம் மட்டும் துணிப் பந்தல் போட்டுக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று செயலாளர் பாபுல்தா கிளம்பினார். ஜாதவ்பூரில் இருக்கும் ரோஹித் என்ற கலைஞனைப் பிடித்து வந்தார். ரோஹித்துக்குத் தூரிகையெல்லாம் வேண்டாம். ஓர் இடம் முழுக்கத் திரைகளை வைத்து, வீடியோக்களை ஓடவிட்டு, மனிதர்களை அதற்குள் நடக்க வைப்பதுதான் அவன் கலை. வீடியோ இன்ஸ்டலேஷன் என்று பெயர். தீம், 'நான் யார்?' இடித்த வீடுகளின் பழைய ஜன்னல்களை வாங்கி வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் ஒரு திரை, அதில் ஒரு முகம். எல்லாம் தெருக்காரர்களின் முகம் என்று பாபுல்தா சொன்னார். விஜயலட்சுமிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஷிகாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்கள் என்று மணிவேலிடம் மூன்று தடவை சொன்னாள்.

ஆவணி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் அறையில் படம் பிடித்தார்கள். ரோஹித் நல்ல பையன் மாதிரிதான் இருந்தான். காலில் விழுந்து கும்பிட்டான். 'திதி' என்று பெங்காலியில் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டான்.

"திதி, உங்களுக்குக் கோபம் வந்தா எந்த மொழியில வரும்?"

பெங்காலியில் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் அவன் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை அவள் இருபது வருடமாகக் கவுண்டருக்கு எதிரே பார்த்து வருகிறாள். கல்யாணப் பெண்ணுக்குச் சொல்வது போலவே வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"தமிழ்லதான்."

"அப்ப கோபப்படுங்க. இந்த ஊர் மேல, யார் மேல வேணும்னாலும். உங்க பாஷையில."

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தேடினாள். திட்டுகிற தமிழ் ஒரு வார்த்தைகூட உள்ளே இல்லை. கேமராவின் சிவப்புப் புள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தாய்மொழியில் ஒரு சண்டைக்கு வக்கில்லையா என்று அவளுக்கு உடம்பு வேர்த்துவிட்டது. அந்த அவமானத்தில் வாய்க்கு அகப்பட்டதை எடுத்து வீசினாள். விரலை ஆட்டி, கண்ணை உருட்டி, கத்தினாள்.

"புளிய ஊற வையி! கரைச்சு வடிகட்டு! எண்ணெய ஊத்து! வெந்தயத்தப் போடு, கருக வுடாத! வெங்காயத்த வதக்கு! மொளகாத்தூளு போடு! கொதிக்க வுடு, நல்லா கொதிக்க வுடு!"

சொல்லச் சொல்ல அவளுக்கே ஒரு ஆவேசம் வந்துவிட்டது. கடைசியில் கண்ணில் தண்ணீர். ரோஹித் கேமராவை நிறுத்தினான். பிறகு மெதுவாக, "இதுக்கு என்ன அர்த்தம் திதி?" என்றான்.

புளிக்குழம்பு என்று எப்படிச் சொல்வது? "அது பெங்காலியில சொல்ல வராது" என்றாள்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லவே வேணாம். கீழே எழுத்தே போட மாட்டேன். புரியாம இருக்கறதுதான் இதோட அழகு. இது என் வாக்கு" என்றான்.

வாக்காம், வாக்கு! அதை நம்பி அவள் வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள்.

பூஜைக்கு முந்தின வாரங்களில் கரியாஹாட்டில் மூச்சு விட நேரம் இருக்காது. சஷ்டி வரைக்கும் அவள் கடையில் நின்று கால் வீங்கிப் போய்த் திரும்புவாள். பந்தலைத் திறந்துவிட்டார்கள், பரிசு கிடைத்துவிட்டது, கூட்டம் டாக்குரியா ஸ்டேஷன் வரை நிற்கிறது என்று காதில் விழுந்ததே தவிர, உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. சப்தமியன்று விடியலில் தலைக்குக் குளித்து, சிவப்புக் கரைப் புடவை கட்டி, பழம் நறுக்கப் போனாள்.

அவள் இடத்தில் ஷிகாவின் மருமகள் உட்கார்ந்திருந்தாள். விஜயலட்சுமி வழக்கமாக எடுக்கும் அரிவாள்மணை அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

"ஏய், எழுந்திரு. அது என் எடம்" என்றாள் இவள் சிரித்துக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை. ஷிகா அவசரமாக எழுந்து, ஓரத்தில் மின்விசிறிக்கு நேராகப் போட்டிருந்த ஒரு நாற்காலியைக் காட்டினாள். அதில் ஒரு மெத்தை வேறு.

"நீங்க இங்க உக்காருங்க பிஜயாதி. இந்த வருஷம் நீங்க வேலை செய்யக் கூடாது. நாங்க பாத்துக்கறோம்."

பெங்காலி நாக்கில் விஜயா பிஜயா ஆவது வழக்கம்தான். ஆனால் முப்பது வருடமாக 'நீ', 'வா', 'போடி' என்று பேசியவள் வாயில், அக்கா என்கிற 'தி'யும் 'நீங்க'வும் வந்தன. விஜயலட்சுமிக்கு எதுவும் புரியவில்லை. ஒரு பெண் வந்து தட்டில் இனிப்பு வைத்துக் கொடுத்தாள். நைவேத்தியமே ஆகவில்லை, அதற்குள் இனிப்பு! இன்னொருத்தி அவள் தோளைத் தொட்டு, "இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்தீங்களே. எங்களை மன்னிச்சிடுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. வெள்ளரிக்காய் ஒன்றையாவது சீவுகிறேன் என்று இவள் கை நீட்டினால், நாலு கை சேர்ந்து தடுத்தது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணியாக ஒன்றை உட்கார வைப்பார்களே, அது மாதிரி ஐம்பத்து நாலு வயதில் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

இனிப்பை அப்படியே வைத்துவிட்டுப் பந்தலுக்குள் போனாள். காலையில் கூட்டம் குறைவு. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பீகாரிலிருந்து வந்த இஸ்திரிக்காரர். ஒடியாக்காரச் சமையல்காரர். தெருமுனையில் பான் கடை வைத்திருக்கும் உத்தரப்பிரதேசத்துக்காரர். நேபாளி வாட்ச்மேன். தெருக்காரர்கள் முகம் என்றார்களே, தெருவில் பெங்காலிகளே இல்லையா? ஷிகாவைக் கேட்காததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. 'நான் யார்?' என்று கேட்க வேண்டியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான் போலிருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது, அவர்கள் நின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள்.

கடைசிக்கு முந்தின ஜன்னலில் அவள் இருந்தாள். விரலை ஆட்டிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு. சின்ன ஸ்பீக்கரில் குரல் வந்தது, வெந்தயத்தைக் கருக விடாதே என்று. அதற்குக் கீழே பெங்காலியில், வெள்ளை எழுத்தில், ஒவ்வொரு வரியாக இது ஓடியது.

முப்பது வருடமாக இந்த ஊரில் நான் விருந்தாளி. எனக்குப் பரிமாறினார்கள், என் பெயரைக் கேட்கவில்லை. என் மொழி என் வாய்க்குள்ளேயே செத்துப்போனது. இந்தத் தெருவில் யாரும் என்னுடையவர்கள் இல்லை.

ஓடி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. பஞ்சமியிலிருந்து ஊரே வந்து இதைப் படித்துவிட்டுப் போயிருக்கிறது. ஷிகா படித்திருக்கிறாள். இந்தத் தெருவில் யாரும் என்னுடையவர்கள் இல்லை என்று இவள் சொன்னதாக, இவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த ஷிகா, நின்று படித்திருக்கிறாள்.

கிளப் அறையில் ரோஹித் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பாபுல்தாவும் இருந்தார்.

"எழுத்து போட மாட்டேன்னு சொன்னியே?" என்றாள். உட்காரவில்லை.

"திதி, நான் எவ்வளவோ சொன்னேன். கிளப்தான் கேட்டாங்க. எழுத்து இல்லைன்னா ஜனங்க நிக்க மாட்டாங்க, அப்படியே நகர்ந்து போயிடுவாங்க."

"அதுக்கு நான் சொல்லாததை எழுதுவியா?"

"நீங்க சொன்னதை எழுதல. நீங்க சொல்ல வரலைன்னு சொன்னதை எழுதினேன்." அதைச் சொல்லும்போது அவனுக்குக் கூச்சமே இல்லை. "ஏன் திதி, அது பொய்யா?"

பொய் என்று கத்த வாயெடுத்தாள். அவன் கேட்ட கேள்வியின் அக்கிரமத்தை என்னவென்று சொல்வது! ஒருத்தி வாயில் தன் வார்த்தையைத் திணித்துவிட்டு, அது உன்னுடையது இல்லை என்று நிரூபி என்கிறான். நிரூபிக்க வேண்டுமென்றால் நான் சொன்னது புளிக்குழம்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் ஒரு வசவு தெரியாமல் குழம்பு வைத்த கதையை இந்தப் பையனிடம் சொல்ல வேண்டும்.

"அதை எடு. இப்பவே எடு" என்றாள்.

பாபுல்தா குறுக்கே வந்தார். "பரிசு வாங்கின வேலை பிஜயாதி. இப்ப கை வைக்க முடியாது. டி.வி.க்காரங்க வேற வராங்க. நீங்கதான் எல்லாத்துலயும் பேமஸ். சந்தோஷப்படுங்க."

சாயங்காலம் அவள் போய் அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். கூட்டம் ஒற்றையடிப் பாதையில் போவது போல் ஊர்ந்து வந்தது. எழுத்தைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள். திரையில் இருப்பவள் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருத்தர் பார்த்தார். ராஜலக்ஷ்மி மாமி. லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம், புருஷன் பாங்க் ஆபீசராக இருந்து ரிட்டயரானவர். கடையில் மாமிக்குப் புடவை காட்டும் போதெல்லாம் விஜயலட்சுமிக்குத் தமிழ் தடுமாறும். மாமி பந்தல் பார்க்கப் பேரன் பேத்தியோடு வந்திருந்தார். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏன்டிம்மா விஜயா, புளிக்குழம்புக்கா இத்தனை ஆவேசம்? இங்க எல்லாரும் அழுதுண்டு நிக்கறாளே! கீழ என்னவோ காவியமா எழுதிருக்கான்!"

"மாமி, அது வந்து..."

"கடைசியில துளி வெல்லம் போடச் சொல்ல மறந்துட்டியே. உங்க கரக்பூர்ல போட மாட்டேளோ?" பேத்தியிடம் திரும்பி, "இவா தமிழே ஒரு தினுசு" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

இந்தப் பக்கம் பார்த்தால் விருந்தாளி, அந்தப் பக்கம் பார்த்தால் தினுசு. விஜயலட்சுமிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கரக்பூர் பெங்காலி மடை திறந்து வந்தது.

"படிக்காதீங்க! எல்லாம் பொய்! அந்த எழுத்து நான் சொன்னது இல்ல! அது கொழம்பு, புளிக்கொழம்பு! அடுப்புல வச்சு சாப்பிடறது! கோபப்படுன்னாங்க, எனக்கு வரல, சமையலைச் சொன்னேன்! உங்களுக்கெல்லாம் என்ன கேடு? என்னைப் பாத்து ஏன் அழறீங்க? நான் செத்தா போயிட்டேன்? நான் இந்தத் தெருக்காரி, என் வாயில யாரும் எதையும் போட வேணாம்!"

கூட்டம் நின்றுவிட்டது. ஜன்னலில் ஒருத்தி கத்துகிறாள், ஜன்னலுக்கு வெளியே அதே ஒருத்தி கத்துகிறாள். முதலில் ஒரு போன் மேலே எழுந்தது. பிறகு பத்து, இருபது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள், விசில்கூட வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து, "அற்புதம்! அடுத்த ஷோ எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

ரோஹித் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். கண் பளபளத்தது. "திதி, இதுதான், இதுதான் நான் தேடினது! நாளைக்கு டி.வி. வரும்போதும் இதே மாதிரி, இதே எடத்துல..."

அவள் அவனை அடித்திருப்பாள். அவன் கையில் தூக்கிப் பிடித்திருந்த போனை மட்டும் தட்டிவிட்டாள். அதற்கும் நாலு பேர் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணிவேல் சாப்பிட்டு முடித்திருந்தார். பெங்களூரிலிருந்து மகன் அக்ஷய் மெசேஜ் அனுப்பியிருந்தான். யாரோ அவனுக்கு ஜன்னல் வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். டாக்கு மேளச் சத்தத்தில் அவள் குரல் கேட்கவில்லை, எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. தமிழைவிடப் பெங்காலி நன்றாக வரும் பிள்ளை பெங்காலியிலேயே எழுதியிருந்தான், 'அம்மா, இவ்வளவு கஷ்டத்தையும் எங்களிடம் சொல்லாமலேயே இருந்தாயா?'

பெற்ற பிள்ளையும் எழுத்தைத்தான் நம்பினான்.

"நீங்க எப்ப பாத்தீங்க இதை?" என்று மணிவேலைக் கேட்டாள்.

"பஞ்சமி அன்னிக்கே பாத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பேப்பரைத் தேடினார். அவள் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் பேசினார். "காதுல கேட்டது புளிக்குழம்பு. கண்ணால படிச்சது அது. எது நீ சொன்னது, எது நீ நெனச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை நெனச்சிருப்பியோன்னு இருந்துட்டேன்."

"முப்பது வருஷம் கூட இருந்துட்டு என்னைக் கேட்கத் தோணலையா உங்களுக்கு?"

"கேட்டா நீ ஆமான்னுட்டா?"

அவள் அதை நினைத்ததுண்டு. தினமும் அல்ல, எப்போதாவது. வாடகைக்கு வீடு தேடும்போது, மதராசிகளுக்குக் கொடுப்பதில்லை என்று கதவைச் சாத்தினார்களே, அன்றைக்கு நினைத்தாள். ஆணியில் துணி மல்லிகையை மாட்டும்போது நினைத்தாள். ஆனால் நினைத்ததைச் சொல்வதும் சொல்லாமல் விழுங்குவதும் அவளுடைய இஷ்டம். விழுங்கிவிட்டுத்தான் காலையில் போய் ஷிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அதுவும் அவள் இஷ்டம். எவனோ ஒருவன் உள்ளே கையை விட்டு, அதில் ஒரு துண்டை மட்டும் பிய்த்தெடுத்து, இதுதான் நீ என்று ஜன்னலில் மாட்டிவிட்டான். அப்படியென்றால் பழம் நறுக்கினவள் யார்? பம்ப் ஆளிடம் சண்டை போட்டவள் யார்? அவளையெல்லாம் எழுதத் துப்பில்லை அவனுக்கு!

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாகத் தெருவில் ஒருத்தர்கூட அவளோடு சண்டை போடவில்லை. பம்ப் போடும் ஆள் தானாகவே தண்ணீர் ஏற்றினான். மீன்காரர் பேரம் பேசாமல் கொடுத்தார். பரிதாபப்படுகிற ஆளோடு யார் சண்டை போடுவார்கள்? விருந்தாளியை யார் திட்டுவார்கள்? நாற்காலி கொடுப்பார்கள், இனிப்பு கொடுப்பார்கள், எப்போது கிளம்புவீர்கள் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள்.

அஷ்டமியன்று எல்லாருக்கும் முன்னால் எழுந்தாள். குளித்தாள். சமையலறைக்குப் போய்ச் சொந்த அரிவாள்மணையைக் கழுவி எடுத்தாள். கரியாஹாட் நடைபாதையில் வாங்கியது. அதைத் தமிழ் அரிவாள்மணை என்பதா, பெங்காலிகளின் போன்டி என்பதா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. நன்றாக வெட்டும், அது தெரியும். பழைய துண்டில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். மணிவேல் வாசல் வரை வந்து, "எதுக்குடி வம்பு?" என்றார். அவள் திரும்பவில்லை.

பந்தலுக்குப் பின்னால் அஷ்டமிக் கூடைகள் மலையாகக் கிடந்தன. பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மின்விசிறிக்கு நேராக நாற்காலி தயாராக இருந்தது, இன்றைக்கு அதன் மேல் பூ வேலை செய்த துணி வேறு. ஜன்னல்கள் பக்கத்திலிருந்து அவள் குரலே கேட்டது, கொதிக்க வுடு, நல்லா கொதிக்க வுடு.

"வாங்க பிஜயாதி, இப்படி வந்து..." என்று ஷிகா எழப் போனாள்.

விஜயலட்சுமி நாற்காலியைத் தாண்டி வந்தாள். ஷிகாவுக்கும் மருமகளுக்கும் நடுவில் இடமே இல்லை. அங்கே வந்து நின்றாள். துண்டைப் பிரித்தாள். பெங்காலியில் சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"தள்ளி உக்காருடி."

தமிழ். கேமரா முன்னால் தேடித் தேடிக் கிடைக்காத தமிழ், கேட்காமலே வந்து நின்றது. கத்தவில்லை, விரலை ஆட்டவில்லை. ஆனால் அதில் இருந்த கோபத்தில் மருமகள் அரிவாள்மணையோடு ஒரு முழம் நகர்ந்தாள். ஷிகாவும் நகர்ந்தாள். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

விஜயலட்சுமி சம்மணமிட்டு உட்கார்ந்து, மணையைக் காலால் அழுத்தி, கூடையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து இரண்டாகப் பிளந்தாள். நாலாக்கினாள். எட்டாக்கினாள். அவள் தலை நிமிரவில்லை. அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியாதது ஒன்று மூக்குக்குள் நமநமத்தது. அடுத்த பேரிக்காயை எடுத்தாள்.

ஷிகா கொஞ்ச நேரம் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து விரலால் கனம் பார்த்தாள். பிறகு அதைத் தட்டில் வீசினாள்.

"நேத்து முழுக்க நாற்காலியில ராணி மாதிரி இருந்துட்டு, இன்னிக்கு வந்து இவ்ளோ மொத்தமா நறுக்கறியே! அஷ்டமிடி இன்னிக்கு, சாமி பல்லை உடைக்கலாம்னு வந்தியா? ஒழுங்கா நறுக்கு, இல்ல எழுந்து போ!"

விஜயலட்சுமி பேரிக்காயை அரிவாள்மணைக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தாள்.

"நீ முதல்ல உன் வெள்ளரிக்காயப் பாரு" என்றாள், பெங்காலியில்.